சுங்கை சிப்புட்டிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு: கை கடிக்காமல் போய்வரும் வழி

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் எந்தப் பொருளின் விலையையும் வாய்திறந்து கேட்டதில்லை. டவுனில் மளிகைக் கடைக்காரர் அரிசியை நிறுத்துப் போடுவார், பருப்பை மடித்துக் கொடுப்பார், பற்றுப் புத்தகத்தில் ஏதோ எழுதுவார். சம்பள நாளன்று அவர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டு வருவோம். விலை கேட்பது கடைக்காரரைச் சந்தேகிப்பது போல என்று நினைத்தே எங்கள் தலைமுறையும் வளர்ந்தது.

அந்தப் பழக்கத்தோடுதான் முதன்முதலாகப் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். அம்மா, தங்கை, தங்கையின் மகன், நான் என நான்கு பேர். ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் தட்டை நீட்டினோம். "இறால் வைக்கவா அக்கா?" என்றார் பரிமாறியவர். வையுங்கள் என்றேன். "மீன் சினை?" அதையும் வையுங்கள் என்றேன். காசு வாங்குபவர் எங்கள் தட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்ன தொகை, அன்றைய நாளுக்கென்று நான் எடுத்து வைத்திருந்ததில் பாதி. அம்மா அதன்பிறகு மாலை வரை ஒரு தேநீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் அன்று சாப்பிடாமல் இருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான் தலையாட்டினேன். விலையை மட்டும் இருவருமே பேசவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்துக் குடும்பங்களையும் கோயில் பெண்களையும் பலமுறை அங்கே அழைத்துப் போய் வந்திருக்கிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நாளைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நீண்ட வார இறுதி ஆகிய நாள்களில் அறை வாடகை ஏறும், வரிசை நீளும், பசியும் களைப்பும் சேர்ந்து எதிரில் தெரிந்த முதல் கடையில் உட்கார வைத்துவிடும். அதிகச் செலவு பெரும்பாலும் இந்தக் களைப்பில்தான் நடக்கிறது. வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் அதுவே மேல். ஞாயிறு மட்டும்தான் முடியும் என்பவர்கள் காலை முதல் ரயிலுக்குப் புறப்படுங்கள். பத்து மணிக்கு முன் ஜார்ஜ்டவுன் தெருக்கள் அமைதியாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

தைப்பூசம் தனிக் கணக்கு. தண்ணீர்ப்பந்தல்களில் வயிறார அன்னதானம் கிடைக்கும். ஆனால் அறையும் ரயில் டிக்கெட்டும் கடைசி நேரத்தில் கிடைக்காது. பூசத்துக்குப் போகிறவர்கள் சாமி தரிசனத்தோடு திரும்பிவிடுங்கள். ஊர் சுற்றிப் பார்க்க வேறொரு நாள் வாருங்கள்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

வீட்டிலேயே மூன்று உறைகள் போடுங்கள். ஒன்று போக்குவரத்துக்கு, ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று வாங்குவதற்கு. உறையில் இருப்பது தீர்ந்தால் அந்தச் செலவு அத்தோடு முடிந்தது. வங்கி அட்டையை உள்பையில் வைத்துவிடுங்கள். அட்டையை நீட்டும்போது காசு கையை விட்டுப் போவது தெரிவதில்லை. தாள்களை எண்ணிக் கொடுக்கும்போது தெரிகிறது.

பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, "இதற்குள் உனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்" என்று சொல்லுங்கள். சாவிக்கொத்துக் கடை வாசலில் அழுது அடம்பிடித்த பிள்ளை, தன் காசு என்றதும் நான்கு கடை ஏறி இறங்கி விலை பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

எல்லோரும் மைகாட் என்ற அடையாள அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மலேசியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறொரு கட்டணம். மைகாட்டைக் காட்டினால்தான் குறைந்த கட்டணம் கிடைக்கும்.

ரயிலும் படகும்

காரில் போனால் எண்ணெய், நெடுஞ்சாலைக் கட்டணம், பாலத்துக் கட்டணம், பிறகு வண்டியை நிறுத்த இடம் தேடும் பாடு எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஐந்து பேர் ஒரே காரில் போனால் கணக்கு ஒருவேளை கட்டுப்படியாகலாம். இரண்டு மூன்று பேர் என்றால் ரயிலே நல்லது. சுங்கை சிப்புட் நிலையத்திலிருந்து இடிஎஸ் என்ற மின்சார ரயில் கோலகங்சார், தைப்பிங், பாகான் செராய் வழியாகப் பட்டர்வொர்த் போகிறது. எல்லா ரயிலும் நம் ஊரில் நிற்பதில்லை என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். போகவர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். திரும்பும் டிக்கெட் இல்லாமல் போனவர்கள் மாலையில் படும் அவதி கொஞ்சமல்ல. 60 வயதைத் தாண்டியவர்கள் மூத்த குடிமக்கள் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் பாட்டிகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் ரயில் நிலையம், பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம், படகுத்துறை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே சிலர் வந்து, "தீவுக்கா? டாக்ஸி இருக்கிறது" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து போய்ப் படகில் ஏறுங்கள். டாக்ஸி பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். படகு நேராகப் பழைய நகரின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. 2021-இலிருந்தே படகுகளில் கார்களை ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) அளவுதான், ஆனால் ரொக்கமாக வாங்குவதில்லை. டச் என் கோ அட்டையில் பணம் போட்டு எடுத்துப் போங்கள். அதையும் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் படகின் முன்பக்கம் நிறுத்துங்கள். கொம்தார் கோபுரம் மெல்ல மெல்லப் பெரிதாகி வரும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடான காட்சியைப் பல மடங்கு பணம் கொடுத்தாலும் வேறெங்கும் பார்க்க முடியாது.

இறங்கியதும் அவசரப்படாதீர்கள்

ஜார்ஜ்டவுன் பெரிய ஊர் என்ற பயம் நமக்கு உண்டு. உண்மையில் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்த பகுதி, சுற்றுவட்டத்தையும் சேர்த்து, சுமார் 260 ஹெக்டேர்தான். நம் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் ஒரு டிவிஷன் அளவு. காலையில் ஐந்து மணிக்கு வாளியோடு இறங்கி எத்தனை நிரை மரம் சுற்றியவர்கள் நாம்! இந்த ஊரை நடந்தே பார்த்துவிடலாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால், படகுத்துறைப் பக்கமிருந்து கொம்தார் வரை நகரைச் சுற்றிவரும் கேட் பஸ் இருக்கிறது. அது இலவசம். ஓட்டுநரிடம் "இது இலவச பஸ்தானே?" என்று கேட்டு ஏறுங்கள். ஏனென்றால் அதே இடத்தில் கட்டண பஸ்களும் நிற்கின்றன. கட்டண பஸ்களில் மீதிக் காசு தரமாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாத் தகவல் மையத்தில் நகர வரைபடத்தை இலவசமாகத் தருவார்கள். அதை வாங்கினால், தெருவில் யாராவது ஒருவர் வழி காட்டுகிறேன் என்று கூடவே நடந்து வந்து கடைசியில் காசு கேட்கும் வேலை இராது.

பெச்சா ஏறுமுன்

மூன்று சக்கர மிதிவண்டியில் உட்கார்ந்து பழைய தெருக்களைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். வெயிலில் மிதிக்கும் அந்தப் பெரியவருக்கு உரிய கூலியைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. தகராறு வருவது கூலியைப் பற்றி இல்லை, பேச்சில் விட்டுப்போனதைப் பற்றி. ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பதி ஒரு தொகை பேசி ஏறினார்கள். இறங்கும்போது அது ஆளுக்கு என்று தெரிந்தது. அவர்கள் வண்டிக்கு என்று நினைத்திருந்தார்கள்.

அதனால் ஏறுமுன் மலாயில் முழுதாகக் கேளுங்கள்: "சத்து ஓராங் கா, சத்து பெச்சா கா?" (ஆளுக்கா, வண்டிக்கா?) எவ்வளவு நேரம், எந்தத் தெருவரை, திரும்பக் கொண்டுவந்து விடுவாரா என்பதையும் பேசுங்கள். தொகையைக் கைத்தொலைபேசியில் எண்ணாக அடித்து அவரிடம் காட்டித் தலையாட்டச் செய்துவிட்டு ஏறுங்கள். டாக்ஸியில் மீட்டர் போட மறுத்தாலும் இதே முறைதான். கிராப் செயலியில் முன்கூட்டியே தொகை தெரிந்துவிடுவதால் நான் பெரும்பாலும் அதையே அழைக்கிறேன்.

சாப்பாடு

இதைத்தான் நிறையச் சொல்லவேண்டும்.

நாசி கண்டார் நம்மவர்கள் கொடுத்த சாப்பாடு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவுதடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றது. அந்தத் தடியின் பெயர்தான் கண்டார். பினாங்குக்குப் போய் அதைச் சாப்பிடாமல் வராதீர்கள். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

தட்டில் முதலில் சோறு விழும். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தட்டுகள்: கோழி, மாடு, மீன் தலை, கணவாய், பெரிய இறால், மீன் சினை, வெண்டைக்காய், முட்டை. பரிமாறுபவரின் கை வேகமாக இருக்கும், பின்னால் வரிசை நிற்கும், நமக்குக் கூச்சம் வரும். அந்த இடத்தில் நில்லுங்கள். "கோழி எவ்வளவு? கணவாய் எவ்வளவு?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். இறால், கணவாய், மீன் சினை மூன்றும்தான் பில்லை ஏற்றுபவை. ஒரு கோழித்துண்டும் வெண்டைக்காயும் முட்டையும் வைத்து எல்லாக் கறிகளையும் கலந்து ஊற்றச் சொன்னால் ருசிக்கு எந்தக் குறையும் இல்லை. "பஞ்சிர்" என்று சொன்னால் போதும், சோறு மிதக்க ஊற்றுவார்கள். இறால் ஆசையாக இருந்தால் குடும்பத்துக்கு ஒன்று வாங்கிப் பகிருங்கள்.

பசெம்போர் கடையிலும் இதே கதைதான். நம் ஊரில் ரோஜாக் என்போமே, அதன் பினாங்கு உறவு. இங்கே தட்டில் நாமே எடுத்து வைப்போம், பிறகு வெட்டிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலை. இறால் வடை, நண்டு, கணவாய் என்று கை போகும்போதே காசும் போகிறது. விலைப்பலகை தெரியாத கடையில் எடுத்து வைத்த தட்டை வெட்டக் கொடுக்குமுன், "இதற்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். வெட்டிவிட்டால் திருப்பித் தர முடியாது. வெட்டாதவரை ஒரு துண்டைத் திரும்ப எடுத்து வைப்பதில் எந்த அவமானமும் இல்லை.

கடல் உணவு உணவகங்களில் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பதில் "சந்தை விலை" என்று போட்டிருக்கும். அந்த வரியைப் பார்த்தால், அன்றைய விலை என்ன, அது 100 கிராமுக்கா கிலோவுக்கா என்று கேட்டு, மீனை நம் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். டுரியானும் அப்படித்தான். பழத்தை நிறுத்து, தொகையைச் சொன்ன பிறகே பிளக்கவேண்டும். "சும்மா பாருங்கள் அக்கா" என்று கத்தியை வைத்தால் கையைக் காட்டித் தடுத்துவிடுங்கள்.

குளிர்சாதன உணவகத்தில் பில்லின் அடியைப் பாருங்கள். 6 விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துடையது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்றிருந்தால் அது கடையுடையது. அதை வாங்குவதாக முன்கூட்டியே அறிவித்திருக்கவேண்டும். மேசையில் கேட்காமலே வைக்கும் ஈரத் துணிக்கும் வேர்க்கடலைக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கடை நல்ல கடை என்று என்னிடம் கேட்பார்கள். பெயர் சொல்வதைவிட அடையாளம் சொல்கிறேன். விலை எழுதித் தொங்கவிட்டிருக்கவேண்டும். அலுவலகச் சீருடையிலோ பள்ளிச் சீருடையிலோ உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கவேண்டும். வாசலில் ஒருவர் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

வாங்குமுன் எடையைப் பாருங்கள்

சௌராஸ்தா சந்தையில் ஊறுகாய்ப் பழங்கள் வாங்காமல் நம் பெண்கள் திரும்புவதில்லை. ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் எல்லாம் கண்ணாடிப் புட்டிகளில் பளபளவென்று இருக்கும். மேலே எழுதியுள்ள விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. என் தங்கை முதல்முறை அதைக் கிலோ விலை என்று எண்ணி இரண்டு பெரிய கரண்டி அள்ளச் சொல்லிவிட்டாள். தராசு காட்டிய தொகையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "100 கிராம் மட்டும் போடுங்கள்" என்று தொடங்குங்கள். சுவைத்துப் பார்க்கத் தருவார்கள், கேளுங்கள்.

லிட்டில் இந்தியாவில் சேலை எடுப்பவர்கள் ஈப்போவில் என்ன விலை என்று தெரிந்துகொண்டு போங்கள். அதே சேலை அங்கே மலிவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் பார்க்காமலே வாங்குகிறோம். சில நேரம் மலிவுதான், சில நேரம் இல்லை. முதல் கடையில் வாங்காமல் மூன்று கடை பாருங்கள். கடைக்காரர் நம் ஊர்ப் பெயரைக் கேட்டு, சொந்தக்காரர் போலப் பேசி, காப்பி கொடுத்தாலும், காப்பிக்காகச் சேலை எடுக்க வேண்டியதில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

எதற்குக் காசு கொடுக்கலாம்

முப்பரிமாண ஓவியக் கூடம், தலைகீழ் வீடு, கண்ணாடித் தளம் என்று நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்கள் நிறைய. பிள்ளைகளுக்கு ஒன்று போதும். அவற்றைப் பார்க்க வந்தீர்களா, 1786-இல் தொடங்கிய ஒரு நகரத்தைப் பார்க்க வந்தீர்களா என்று முன்பே தீர்மானியுங்கள்.

குயின் தெருவின் மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இந்திய முஸ்லிம்கள் 1801-இல் கட்டத் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன்கள் பலர் கப்பலில் வந்து முதலில் கால் வைத்தது இந்தக் கரையில்தான். பிறகுதான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். அந்தக் கோபுரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தி இதைச் சொல்ல ஒரு காசும் ஆவதில்லை. ஆர்மேனியன் தெருவில் 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள், தெரு மூலைகளில் இரும்புக் கம்பியால் வளைத்த கேலிச்சித்திரங்கள், கடலுக்குமேல் மரக்காலில் நிற்கும் சூ குலத்து வீடுகள், பாடாங் கோத்தா கடற்கரை என எல்லாமே இலவசம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளும் அப்படியே. தண்ணீர்ப் புட்டியை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

கட்டணம் கொடுத்துப் போகத் தக்கது என்று நான் சொல்வது கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில். 1923-இல் ஓடத் தொடங்கியது. இப்போதுள்ள வண்டிகள் 2011-இல் வந்தவை. படகுத்துறையிலிருந்து 204 எண் பஸ் அடிவாரம்வரை போகும். சாதாரண வரிசைக்கும் விரைவு வரிசைக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. காலையிலேயே போனால் சாதாரண வரிசையே போதும். முகப்பில் மைகாட்டை எடுத்துக் காட்டுங்கள்.

இரவு தங்குவதானால்

ஒரு நாளில் திரும்பிவிடுவதே மலிவு. தங்கினால், இணையத்தில் காட்டும் அறை விலையோடு வரியும் ஊராட்சிக் கட்டணமும் சேரும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்தே பதிவு செய்யுங்கள். பினாங்கில் விடுதிக்கு ஏற்ப ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 அல்லது 3 வெள்ளி ஊராட்சிக் கட்டணம் உண்டு. அதைக் கொடுக்கத்தான் வேண்டும். 10 வெள்ளி சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கானது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இல்லை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் யாராவது அதைக் கேட்டால், நிரந்தரவாசி என்று சொல்லி அட்டையைக் காட்டுங்கள். அவர்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்காக நீங்கள் பேசுங்கள்.

கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்றால்

சண்டை போடாதீர்கள். ரசீது கேளுங்கள். விலைப்பலகை இருந்தால் அதைப் படம் எடுங்கள், இல்லாவிட்டால் அது இல்லாத இடத்தையே படம் எடுங்கள். விலையைக் காட்டி வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். பெரிய தொகை என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை எடுத்துக்கொள்ளும். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

திரும்பும்போது

ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். மாலையில் படகுக்கு வரிசை நீளும். ரயிலைத் தவறவிட்டால் பதற்றத்தில் டாக்ஸி பேசாதீர்கள். பினாங்கு சென்ட்ரலில் ஈப்போ பஸ் கேளுங்கள். கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையில் அந்த வழியாக நடக்கும்போதே விசாரித்து வையுங்கள். ஈப்போவில் இறங்கினால் சுங்கை சிப்புட்டுக்கு வீட்டிலிருந்து யாராவது மோட்டார் சைக்கிளில் வந்தாவது அழைத்துப்போய்விடுவார்கள்.

பிறகொருமுறை அம்மாவை மீண்டும் அழைத்துப் போனேன். அதே போன்ற ஒரு நாசி கண்டார் கடை. தட்டோடு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், கரண்டி இறாலின் பக்கம் போனபோது கையை உயர்த்தினார். "தம்பி, அது எவ்வளவு?" என்றார். விலையைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்று வை, நான்கு பேருக்கு" என்றார்.